1900-ல் மெட்ராஸில் ஒரு கொலை: சரித்திர மர்மக் கதை எழுத உட்காருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நூறு வருஷத்துக்கு முந்தைய சென்னைப் பட்டணத்தில் ஒரு துப்பறியும் கதையை நடத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நிறைய பேருக்கு இருக்கிறது. நல்ல ஆசை, பொருளும் அள்ள அள்ளக் குறையாது. ஆனால் எழுத ஆரம்பித்ததும் ஏறக்குறைய எல்லோரும் அதே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே கருத்துதான்: பழைய காலம் நாடக மேடையின் படுதா மாதிரி பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால் போதாது, கொலை நடந்த விதமும் அது வெளிப்படும் விதமும் அந்தக் காலத்தில், அந்த ஊரில் மட்டுமே நடந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

"1900 வாக்கில்" என்று பொதுவாக வைத்துக்கொண்டால் போதாதா? வருஷத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமா?

வாசகருக்குச் சொல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், முடிந்தால் தேதி வரை. ஏனென்றால் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் கதையின் விதிகளே மாறிக்கொண்டிருந்தன. 1899-ல் இந்தியச் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, விரல் ரேகை நிபுணரின் கருத்தைக் கோர்ட் ஏற்கலாம் என்று கொண்டுவந்தார்கள். 1901 ஜனவரி 22 அன்று விக்டோரியா மகாராணி இறந்தார், அடுத்த சில வருஷங்களில் ரூபாய் நாணயத்தில் அடுத்து வந்த எட்வர்ட் மன்னரின் தலை வந்துவிட்டது. 1904-ல் விஷப் பொருட்கள் விற்பனைக்கு ஒரு சட்டம் வந்தது. 1906-ல் மெட்ராஸ் மாகாணத்துக்கு சி.ஐ.டி. வந்தது, அதே வருஷம் அக்டோபரில் ஆர்பத்னாட் என்ற வங்கிக் கம்பெனி திவாலாகி ஊரில் பல குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்தது. உங்கள் கதை 1898-லா 1907-லா என்பதைப் பொறுத்துக் கொலைகாரனின் தைரியம், போலீஸின் கையிலிருக்கும் வித்தை, கொலைக்கான காரணம் எல்லாமே மாறும்.

தேதி முடிவானதும் செய்ய வேண்டிய முதல் காரியம் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது. 1900 ஏப்ரலில் பிறந்தது சார்வரி வருஷம். கொலை நடந்த ராத்திரி அமாவாசையா, பௌர்ணமியா? தெருவிளக்கு என்றால் எண்ணெய் விளக்குதான், அதுவும் எல்லாத் தெருவிலும் கிடையாது. வீடுகளுக்கு மின்சாரம் பரவ ஆரம்பித்ததே 1910-ஐ ஒட்டித்தான். அப்படிப்பட்ட ஊரில் "அவன் முகத்தைப் பார்த்தேன்" என்று ஒரு சாட்சி சொல்கிறான் என்றால், வானத்தில் நிலா இருந்ததா என்பதுதான் முதல் குறுக்கு விசாரணை.

எவ்வளவு சரித்திரத் தகவல் வைக்கலாம்? எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன் என்று சொல்கிறார்கள்.

ஒரு தகவலை வைக்கலாமா என்று சந்தேகம் வந்தால், அது வழக்கில் யாருக்காவது உதவுகிறதா அல்லது யாருக்காவது வழியை மறிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 1895 மே மாதம் மெட்ராஸில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது, இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அது. இதைப் பெருமையாக ஒரு பத்தியில் எழுதினால் பள்ளிக்கூடப் பாடம். அதே டிராமில் கண்டக்டர் கொடுத்த டிக்கெட் செத்தவனின் மடியில் இருந்தால் அது துப்பு. தொடக்கத்தில் அந்த டிராமுக்கு மேலே கம்பி கிடையாது, தரைக்குள் பதித்த கால்வாய் வழியாக மின்சாரம் எடுத்தார்கள், மழைத் தண்ணீருக்கு அது தாங்கவில்லை, பிறகுதான் மேலே கம்பி கட்டினார்கள். அப்படியென்றால் ஐப்பசி அடைமழையில் "டிராமில்தான் வந்தேன்" என்று ஒருவன் சொன்னால் அவனைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்கலாம் அல்லவா?

வழக்குக்கு எந்த விதத்திலும் சம்பந்தமில்லாத தகவல் எத்தனை அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மனசு கேட்காதுதான்.

கைரேகை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அப்போது இருந்ததா?

கைரேகை இருந்தது, அதுவும் இங்கேதான் முதலில் வேரூன்றியது. 1897-ல் கல்கத்தாவில் தொடங்கிய கைரேகைக் காப்பகம் உலகிலேயே முதலாவது, லண்டனுக்கு அது போனது 1901-ல்தான். வங்காளப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரில் வழங்கும் வகைப்பாட்டு முறையை உருவாக்கிய உழைப்பில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வங்காளத்தில் ஜல்பாய்குரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையான வழக்கில், அங்கே கிடந்த பஞ்சாங்கத்தில் ரத்தக் கறை படிந்த கட்டைவிரல் ரேகை கிடைத்தது. முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரன் ஒருவனின் ரேகையோடு அது பொருந்தியது. கோர்ட் அவனுக்குத் திருட்டுக்குத் தண்டனை கொடுத்தது, கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ரேகை இருந்தும் கொலை நிரூபணமாகவில்லை. இந்த இழுபறிதான் உங்கள் காலத்தின் உண்மையான நிலைமை. விஞ்ஞானம் வந்துவிட்டது, ஆனால் நம்புவதற்கு ஆள் தயாராக இல்லை. ரேகை நம்பகமானது என்று தெரிந்த ஒருவரும், ஜோசியக்காரனின் கைரேகை சாஸ்திரத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளும் மேலதிகாரியும் ஒரே அறையில் இருந்தால் அந்த அத்தியாயம் தானாக எழுதிக்கொள்ளும்.

ரத்த விஷயத்தில் இன்னும் சுவாரசியமான ஓட்டை இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் கோழி ரத்தத்தையும் மனித ரத்தத்தையும் பிரித்துவிடலாம், பறவைகளின் சிவப்பணு நீள்வட்டமாக, உட்கருவோடு இருக்கும். ஆட்டு ரத்தத்தையும் மனித ரத்தத்தையும் உறுதியாகப் பிரித்துச் சொல்லும் சோதனை 1901-ல்தான் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே வேட்டியில் கறையோடு மாட்டிக்கொண்டவன் "கோழி அறுத்தேன்" என்றால் பொய் அம்பலமாகும், "கிடா வெட்டினேன்" என்றால் தப்பிப்பான். யார் எதைச் சொல்கிறார்கள் என்பதிலேயே அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடும். ரத்த வகை பிரிப்பதை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள், அது குற்ற விசாரணைக்கு வர இன்னும் பல வருஷம் ஆனது.

விஷம் வைப்பதுதான் இந்தக் காலத்துக்குப் பொருத்தமா?

மிகப் பொருத்தம். அதிலும் வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக். காரணம், அதன் அறிகுறிகள் காலரா போலவே இருக்கும், அதே வாந்தி, அதே வயிற்றுப்போக்கு, அதே கெண்டைக்கால் இழுப்பு. மெட்ராஸுக்குக் குடிதண்ணீர் செங்குன்றம் ஏரியிலிருந்து 1872 முதல் வந்துகொண்டிருந்தாலும், திறந்த வாய்க்காலில் வந்த தண்ணீர் அது, வடிகட்டிச் சுத்தம் செய்யும் ஏற்பாடு கீழ்ப்பாக்கத்தில் 1914-ல்தான் வந்தது. வாந்திபேதி வருஷா வருஷம் வந்துபோகும் ஊரில், ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் விடிவதற்குள் போய்விட்டால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். மத்தியானத்துக்குள் தகனமும் முடிந்துவிடும். நம்மிடம் உடலை நாள்கணக்கில் வைத்திருக்கும் வழக்கம் கிடையாது, வெயிலும் விடாது. மேல்நாட்டுக் கதைகளில் வருவது போல ஆறு மாதம் கழித்துக் குழியைத் தோண்டிப் பார்க்க இங்கே பெரும்பாலும் குழியே இருக்காது. உங்கள் துப்பறிவாளருக்கு உடல் கையில் இருக்கும் நேரம் சில மணி நேரம் மட்டுமே. இந்த அவசரத்தைக் கதையின் முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

உடல் தகனத்துக்கு முன் பிடிபட்டுவிட்டால் நிலைமை தலைகீழ். மெட்ராஸில் அரசாங்க ரசாயனப் பரிசோதகர் அலுவலகம் 1849-லேயே தொடங்கியாயிற்று. வயிற்றுக்குள்ளிருந்து எடுத்ததை ஜாடியில் போட்டு முத்திரை வைத்து அனுப்புவார்கள். அங்கே மார்ஷ் பரிசோதனை நடக்கும். துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலத்தில் அந்தச் சாற்றை ஊற்றுவார்கள், கிளம்பும் வாயுவைக் கொளுத்தி, சுடரின் மேல் ஒரு குளிர்ந்த பீங்கான் தட்டைப் பிடிப்பார்கள், பாஷாணம் இருந்தால் தட்டில் பளபளவென்று கருப்புக் கறை படியும். இதை அப்படியே ஒரு காட்சியாக எழுதலாம், வசனமே வேண்டாம். ஊமத்தைக்குச் சோதனை வேறு, சாற்றில் ஒரு சொட்டை பூனையின் கண்ணில் விட்டு, கண் பாப்பா விரிகிறதா என்று பார்ப்பார்கள். ஊமத்தை பெரும்பாலும் கொல்வதற்கு அல்ல, வழிப்போக்கர்களை மயக்கிக் கொள்ளையடிக்கப் பயன்பட்ட சரக்கு. அரளி விதை வீட்டுத் தோட்டத்திலேயே கிடைக்கும், கடைக்காரன் சாட்சி சொல்ல வர மாட்டான். பாஷாணம் வாங்க யாரிடமாவது போயாக வேண்டும், 1904 சட்டத்துக்குப் பிறகு அந்த வியாபாரத்தின் மேல் அரசாங்கத்தின் கண் விழ ஆரம்பித்தது.

சோதனைச்சாலையை விட, அந்த ஜாடி ஆஸ்பத்திரியிலிருந்து சோதனைச்சாலை வரை போன பாதைதான் மர்மக் கதைக்காரருக்குப் பெரிய சொத்து என்பது என் எண்ணம். முத்திரை யாருடையது, வழியில் யார் கையில் இருந்தது, எத்தனை நாள் ஒரு மேஜையில் கிடந்தது என்று ஒரு வக்கீல் கேட்க ஆரம்பித்தால் கருப்புக் கறை கூட வெளுத்துப்போகும்.

துப்பாக்கி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வைத்த உடனே சந்தேக வட்டம் சுருங்கிவிடும் என்பது தெரிந்து வையுங்கள். 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே தோட்டா பாய்ந்த உடல் கிடைத்தால், ஒன்று துரைமார் பக்கம் போக வேண்டும், இல்லை லைசென்ஸ் வாங்கிய ஜமீன்தார், பெரிய மனிதர் பக்கம் போக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு இந்தியக் கான்ஸ்டபிள் போய்க் கதவைத் தட்டக்கூடிய பக்கம் அல்ல.

சாட்சிகள், அலிபை (குற்றம் நடந்தபோது வேறு இடத்தில் இருந்தேன் என்ற வாதம்), நேரம் இவற்றை எப்படிக் கையாள்வது? அப்போது எல்லோரிடமும் கடிகாரம் கிடையாதே.

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். கடிகாரம் கிடையாது என்பதுதான் வரப்பிரசாதம். "விளக்கு வைத்த பிற்பாடு", "முதல் சாமம் முடியும்போது", "கோயிலில் அர்த்தஜாம மணி அடித்தபோது" என்று சாட்சிகள் சொல்வார்கள். நாழிகை என்றால் 24 நிமிஷம், சாமம் என்றால் 3 மணி நேரம். போலீஸ் ரைட்டர் அதைக் காகிதத்தில் "சுமார் 9 மணி" என்று எழுதுவார். சாட்சி சொன்னதற்கும் காகிதத்தில் ஏறியதற்கும் நடுவில் ஒரு கொலையே நடந்து முடியலாம்.

இது போக, ஊருக்கு ஊர் நேரமே வேறு. 1906-க்கு முன்னால் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் கிடையாது. ரயிலும் தந்தியும் நாடு முழுவதும் மெட்ராஸ் நேரத்தில் ஓடின, பம்பாய் நகரம் அதற்கு அரை மணி பின்னால், கல்கத்தா அதற்கு சுமார் 32 நிமிஷம் முன்னால். இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கல்கத்தாவிலிருந்து கப்பலில் அன்று சாயங்காலம் வந்து இறங்கிய ஒரு வியாபாரி, தன் பாக்கெட் கடிகாரத்தை மாற்றாமலே தங்கசாலைத் தெருவில் ஒரு முதலாளியைப் பார்க்கப் போகிறார். "நான் கிளம்பும்போது சரியாக 9 மணி, முதலாளி உயிரோடு இருந்தார்" என்று சத்தியம் செய்கிறார், பொய் சொல்லவில்லை. கொலைகாரன் 9 மணிக்கு நாடகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்ததை ஐம்பது பேர் பார்த்திருக்கிறார்கள், ஆகவே அவன் மேல் சந்தேகமே வரவில்லை. ஆனால் வியாபாரியின் 9 மணி, மெட்ராஸுக்கு எட்டரையைத் தொடும் நேரம். நடுவில் அரை மணி நேரம் திறந்து கிடக்கிறது. இது எப்படி வெளிப்படும்? கோட்டையில் ராத்திரி 8 மணிக்கு நேரம் அறிவிக்கும் பீரங்கி வெடிக்கும். வியாபாரி போகிற போக்கில் "எட்டரைக்குப் பீரங்கி வெடித்ததே, பயந்துபோனேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கிறார். வாசகர் அதைப் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பார்.

இங்கே ஒரு தர்மம் இருக்கிறது. கல்கத்தா நேரம் வேறு என்பதை இன்றைய வாசகருக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது அத்தியாயத்தில் தந்தி ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் பம்பாய்க்காரர்களோடு சண்டை போடும் இடத்தில் சிரிப்போடு சிரிப்பாக வந்துவிட்டால் போதும். கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் முதல் தடவையாக இந்தத் தகவலை எடுத்து நீட்டினால் வாசகருக்கு ஏமாந்த கோபம் வரும், நியாயமான கோபம் அது.

துப்பறிபவர் யாராக இருக்கலாம்? அப்போது தனியார் துப்பறிவாளர்கள் இருந்தார்களா?

லண்டன் கதைகளைப் பார்த்து, பைப் புகைக்கும் ஒரு தனியார் துப்பறிவாளரை மவுண்ட் ரோட்டில் குடியேற்றுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தகவல்கள் இயல்பாக வந்து சேரும் வேலையில் இருக்கும் ஆளைத் தேடுங்கள். ஹைகோர்ட் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நாளெல்லாம் தெலுங்கு, தமிழ், உருது வாக்குமூலங்களை இங்கிலீஷாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சாட்சி உண்மையில் என்ன சொன்னான் என்பது ஜட்ஜை விட அவருக்குத்தான் தெரியும். வக்கீல் குமாஸ்தா, ரசாயனப் பரிசோதகரின் உதவியாளர், சுதேசமித்திரனுக்கு (1882-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 1899-ல் தினசரியானது) செய்தி கொண்டுபோகும் நிருபர், தபால் பிரிப்பவர் என்று எத்தனையோ பேர். தபால்காரரை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். காலணா போஸ்ட் கார்டில் அனுப்பிய ஊர், சேர்ந்த ஊர் என்று இரண்டு முத்திரையும் தேதியோடு விழும்.

வண்ணார் குறியை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் சேராங்கொட்டைச் சாற்றால் மூலையில் ஒரு குறி போடுவார்கள், எத்தனை வெளுப்புக்கும் போகாது. பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகுகளுக்கு நடுவே முகம் தெரியாத உடல் ஒன்று மிதக்கிறது, சட்டைக் காலரின் உள்பக்கம் மூன்று புள்ளியும் ஒரு கோடும். அதைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான், அவரைப் போலீஸ் மரியாதையாகக் கூப்பிட்டு விசாரிக்குமா என்பது தனிக் கதை.

பெண் துப்பறிவாளர் வைத்தால் நம்பும்படி இருக்குமா?

சரியான இடத்தில் வைத்தால் ஆண் துப்பறிவாளரை விட நம்பும்படி இருக்கும். கோஷா பெண்கள், அதாவது வெளி ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள் இருக்கும் பெண்கள், வாழும் வீட்டுக்குள் எந்த இன்ஸ்பெக்டரும் நுழைய முடியாது. ஒரு லேடி டாக்டரோ மருத்துவச்சியோ போகலாம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் 1870-களிலேயே பெண்கள் படித்தார்கள். அங்கே படித்த மேரி ஷார்லீப் முன்நின்று, ஆண் டாக்டரிடம் போக மாட்டாத பெண்களுக்கென்றே 1885-ல் இங்கே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கியது. அந்த வார்டில் வேலை செய்யும் ஒருத்திக்கு ஊரின் பாதி ரகசியம் தெரிந்திருக்கும். அவள் கண்டுபிடித்ததைக் கோர்ட்டில் யார் வாயால் சொல்ல வைப்பது என்ற சிக்கலையும் தட்டிக்கழிக்காமல் எழுதுங்கள், கதைக்கு அது பலம்.

கடைசியில் கொலைகாரன் இன்ஸ்பெக்டர் முன்னால் ஒப்புக்கொள்வது மாதிரி முடிக்கலாமா?

முடித்தால் அவன் மறுநாள் வெளியே வந்துவிடுவான்! அப்போது அமலில் இருந்த 1872 சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்கிறது. 26-வது பிரிவுப்படி போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும் செல்லாது, மாஜிஸ்திரேட் நேரில் இருந்தால் ஒழிய. உடனே 27-வது பிரிவு ஒரு ஜன்னலைத் திறக்கிறது, அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருள் தொடர்பான பகுதி மட்டும் செல்லும். "கத்தியைக் கிணற்றில் போட்டேன்" என்றதும் கிணற்றில் கத்தி கிடைத்தால் அந்த அளவுக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள். மரண வாக்குமூலம் இன்னும் விசேஷம். இங்கிலாந்துச் சட்டத்தில் சாகப்போகிறோம் என்ற நிச்சயத்தோடு சொல்லியிருக்க வேண்டும், அந்த 1872 சட்டத்தின் 32-வது பிரிவில் அந்த நிபந்தனை இல்லை. செத்தவர் ஒரு வாரம் முன்னால் தன் தங்கைக்கு எழுதிய கடிதம் கூட, மரணத்தின் சூழ்நிலையைப் பற்றியதாக இருந்தால் சாட்சியமாகலாம்.

வழக்கு ஹைகோர்ட் செஷன்ஸுக்குப் போனால் 9 பேர் கொண்ட ஜூரி. குற்றவாளி ஐரோப்பியராக இருந்தால் ஜூரியில் பாதிப் பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. உண்மை கண்டுபிடிக்கப்பட்டும் தீர்ப்பு வராத முடிவு உங்களுக்கு வேண்டுமென்றால், அது சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது.

போலீஸ் பதவிகளிலும் கவனம் வேண்டும். 1902-03 போலீஸ் கமிஷனின் பரிந்துரைகளுக்கு முன்னால் நடக்கும் கதையில் ஸ்டேஷனுக்கு ஒரு சப்-இன்ஸ்பெக்டரை உட்கார வைக்காதீர்கள்.

ஊரை எழுதும்போது அதிகம் வரும் பிழைகள் என்ன?

தியாகராய நகரில் கதாநாயகன் குடியிருப்பது. 1900-ல் அது ஏரி. ரிப்பன் மாளிகை 1913, எழும்பூர் ரயில் நிலையக் கட்டடம் 1908, மவுண்ட் ரோட்டில் ஹிக்கின்பாதம்ஸின் இன்றைய கட்டடம் 1904. அதே சமயம் ஹைகோர்ட் 1892-லிருந்து இருக்கிறது, அதன் கோபுரத்தில் 1894 முதல் கலங்கரை விளக்கு எரிந்தது, கன்னிமாரா நூலகம் 1896-ல் திறந்தது, மூர் மார்க்கெட் 1900-ல் புத்தம் புதுசு. வடக்கே இருந்த பழைய பட்டணத்தை அப்போது கறுப்பர் பட்டணம் என்றுதான் சொன்னார்கள், ஜார்ஜ் டவுன் என்ற பெயர் பிறகு வந்தது. சில்லறை எண்ணும்போது 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. டெலிபோன் 1882-லேயே வந்துவிட்டது, ஆனால் விரல் விட்டு எண்ணும் சில ஆபீஸ்களில் மட்டும், ஆகவே அவசரச் செய்தி என்றால் தந்தி அல்லது ஓடுகிற பையன்.

வசனம் எப்படி? சமஸ்கிருதம் கலந்த அந்தக் காலத்து மணிப்பிரவாளத்தில் எழுத வேண்டுமா?

முழுக்க எழுதினால் மூன்று பக்கத்துக்கு மேல் யாரும் வர மாட்டார்கள். கதையை இன்றைய தெளிந்த தமிழில் சொல்லுங்கள், வசனத்தில் அந்தக் காலத்தில் இல்லாத சொல் நுழையாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பழைய நடையை முழுசாகக் காட்ட ஆசை இருந்தால் அதற்கென்று இடம் இருக்கிறது, மொட்டைக் கடிதம், கோர்ட் மனு, உயில், பத்திரிகை விளம்பரம். "கனம் பொருந்திய கமிஷனர் துரையவர்கள் சமுகத்துக்கு ஏழை குடியானவன் எழுதிக்கொண்ட அர்ஜி" என்று ஆரம்பித்து ஒரே வாக்கியமாக ஒரு பக்கம் ஓடவிடுங்கள். அந்த நடையிலேயே ஒரு துப்பை ஒளித்து வைக்கலாம், அர்ஜி எழுதிக் கொடுத்தவனுக்குக் குறிப்பிட்ட ஒரு சொல்லை எப்போதும் தப்பாக எழுதும் பழக்கம் இருக்கலாம்.

ஜாதி, இனப் பாகுபாட்டை எழுதலாமா? வம்பு வருமே என்று பயமாக இருக்கிறது.

எழுதாவிட்டால் கதையே நிற்காது. யார் எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் போகலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் கொல்லைப்புறத்தோடு நிற்க வேண்டும் என்பதுதான் 1900-ல் ஒரு வீட்டின் வரைபடம். பூட்டிய அறைக் கொலைக்கு இதைவிடக் கடுமையான பூட்டு எது? கொல்லைப்புறமாக விடியற்காலையில் வந்துபோகும் துப்புரவுத் தொழிலாளி அந்த வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்திருப்பார், அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரை வெறும் துப்பு கொடுக்கும் கருவியாக மட்டும் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள், அவருக்குப் பேரும் கோபமும் சொந்தக் கணக்கும் இருக்கட்டும். துப்பறிவாளரும் அந்தக் காலத்து ஆள்தான், இன்றைய நல்ல மனசை அப்படியே அவருக்குள் பெயர்த்து வைத்தால் பொய்யாக இருக்கும். அவர் எங்கே பார்க்கத் தவறுகிறார் என்பதை வாசகர் பார்க்கும்படி எழுதுங்கள்.

நிஜ மனிதர்களைப் பாத்திரங்களாக்கலாமா?

தெருவில் கடந்து போகட்டும், கூட்டத்தில் பேசட்டும். கொலையில் கை நனைக்க வைக்காதீர்கள். நிஜச் சம்பவம் பின்னணியாக இருப்பது வேறு விஷயம், அதற்கு ஆர்பத்னாட் திவால் அருமையான உதாரணம். 1906 அக்டோபர் 22 அன்று கதவு மூடியது, கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் ஆர்பத்னாட் விசாரணைக்குப் பிறகு 18 மாதம் சிறைத் தண்டனை பெற்றார், அந்த அடியிலிருந்து எழுந்ததுதான் 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி. மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை அதில் இழந்த ஒரு கற்பனைக் குடும்பம், ஒரு நாள் முன்னதாகவே பணத்தை எடுத்துவிட்ட ஒரு கற்பனை உறவினர். அவருக்கு யார் சொன்னது?

தகவலுக்கு எங்கே போவது?

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். குறிப்பாகத் தேட வேண்டியவை சில உண்டு. லாரன்ஸ் அசைலம் பிரஸ் போட்ட மெட்ராஸ் பஞ்சாங்கக் கையேட்டில் யார் யார் எங்கே குடியிருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று வருஷா வருஷம் இருக்கும். ரசாயனப் பரிசோதகரின் ஆண்டறிக்கை, போலீஸ் நிர்வாக அறிக்கை. 1891-லிருந்து வரும் மெட்ராஸ் லா ஜர்னலில் நிஜ வழக்குகளின் தீர்ப்பு. இவற்றோடு தினசரிகள், அவற்றில் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு விளம்பரங்களையும், "காணவில்லை" அறிவிப்புகளையும், கப்பல் வரவு பட்டியலையும் படியுங்கள்.

எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று காத்திருக்க வேண்டாம். கொலை எப்படி நடந்தது என்பது முடிவாகும் வரை படியுங்கள், முதல் பிரதியை எழுதுங்கள், எங்கெல்லாம் தகவல் தெரியாமல் நிற்கிறீர்களோ அங்கே ஒரு அடையாளம் போட்டுவிட்டு நகருங்கள். திரும்பக் காப்பகத்துக்குப் போகும்போது என்ன தேடுகிறோம் என்று தெரிந்து போவீர்கள்.

முதல் அத்தியாயத்திலேயே உடல் கிடைத்துவிட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பாஷாணம் கலந்த கொலை என்றால் முதல் அத்தியாயத்தில் ஒரு சாதாரணச் சாவு போதும். டாக்டர் காலரா என்று எழுதிக் கொடுக்கிறார், பாடை கட்டுகிறார்கள், பறை சத்தம் தெருமுனை தாண்டிப் போகிறது. அதே வீட்டில் அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட மற்ற ஐந்து பேருக்கும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது ஒருவர் கேட்டால் கதை ஆரம்பித்துவிடும்.